ஆங்கிலத்தில் கேப்பிடல், கமா, ஃபுல்ஸ்டாப்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

'ஐ டோன்ட் நோ ஜான்.' இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஜானைத் தெரியாது. இப்போது 'நோ' என்ற சொல்லை அடுத்து ஒரு கமா போடுங்கள். 'ஐ டோன்ட் நோ, ஜான்.' எனக்குத் தெரியாது, ஜான். முதல் வாக்கியத்தில் ஜான் எங்கோ இருக்கும் ஓர் ஆள். இரண்டாவதில் அவர் நம் எதிரிலேயே நிற்கிறார், அவருக்குத்தான் பதில் சொல்கிறோம். சொற்கள் நான்கும் அதேதான், வரிசையும் மாறவில்லை. ஒரு சின்ன வளைகோடு அத்தனையையும் மாற்றிவிட்டது.

தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. 'ஜானை' என்று ஓர் உருபு ஒட்டிக்கொண்டால் விஷயம் முடிந்தது. கேள்வி என்று காட்ட 'வந்தானா' என்று ஓர் 'ஆ' போதும். இன்னொருவர் பேச்சைச் சொல்ல 'என்று' இருக்கிறது. பட்டியல் போட 'அவனும் இவனும்' என்று 'உம்' இருக்கிறது. நம் சொல்லின் வால் செய்கிற வேலை இது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் நிறுத்தக்குறி எதுவும் இல்லாமலே சமாளித்தார்கள். குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு இப்படிப்பட்ட வால் கிடையாது. அந்த வேலையைச் சொல்வரிசையும் குறிகளும் பெரிய எழுத்தும்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம்மில் பலர் நல்ல சொல்வளம் இருந்தும் ஆங்கிலத்தில் குறிகளை அலங்காரமாக நினைத்துத் தூவுவது இதனால்தான். பல வருடங்களாகப் பிறருடைய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்துவருகிறேன். அவற்றில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுகளை எல்லாம் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொன்றையும் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பெரிய எழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது கண்ணால் படிப்பதைவிடக் கையால் எழுதும்போதுதான் பதியும்.

முதல் படி: வாக்கியம் எங்கே முடிகிறது?

எல்லாக் குறிகளுக்கும் முன்னால் கற்க வேண்டியது இது. எழுவாயும் முழுமையான வினைச்சொல்லும் சேர்ந்து, தனியாக நிற்கக்கூடிய ஒரு கருத்து வந்துவிட்டால் அது வாக்கியம். அங்கே ஃபுல்ஸ்டாப், அடுத்த சொல்லுக்குப் பெரிய எழுத்து. 'பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்' என்பது வாக்கியம் அல்ல. எழுவாயும் வினையும் இருந்தாலும் 'பிகாஸ்' அதை இன்னொன்றில் தொங்கவிட்டுவிட்டது. நாம் பேசும்போது 'ஏன்னா களைப்பா இருந்துச்சு' என்று தனியாகச் சொல்லி நிறுத்துகிற பழக்கம் எழுத்திலும் வந்துவிடுகிறது.

நேர்மாறான பிழை இன்னும் அதிகம். 'இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேட் அட் ஹோம்.' தமிழில் 'மழை பெய்தது, வீட்டிலேயே இருந்துவிட்டோம்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது பிழை. இதைச் சரிசெய்ய நான்கு வழி உண்டு. நடுவில் ஃபுல்ஸ்டாப் போட்டு 'வி' என்பதன் முதலெழுத்தைப் பெரிதாக்கலாம். கமாவை வைத்துக்கொண்டு அதை அடுத்து 'ஸோ' சேர்க்கலாம். கமாவை அரைப்புள்ளியாக மாற்றலாம். அல்லது முன்பாதியை 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்று ஆக்கி, கமா போட்டுப் பின்பாதியைத் தொடரலாம். சந்தேகமாக இருந்தால் முதல் வழியே போதும். குட்டி வாக்கியங்கள் எழுதுவது குறைவான ஆங்கிலம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

கேள்விக்குறியில் ஒரே ஒரு பொறி. 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்' என்பது கேள்வி அல்ல, அவர் எங்கே என்று தெரியவில்லை என்ற தகவல். அதன் முடிவில் ஃபுல்ஸ்டாப்தான். உள்ளே 'எங்கே' இருப்பதைப் பார்த்ததும் கை தானாகக் கேள்விக்குறிக்குப் போகும். கூடவே 'வேர் இஸ் ஹி' என்று வரிசையும் திரும்பிவிடும். வாக்கியம் முழுவதும் கேட்கிறதா, அல்லது ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

உணர்ச்சிக்குறி அரிதாக, ஒரே ஒன்று. அலுவல் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமா, ஃபுல்ஸ்டாப், கேள்விக்குறி, அரைப்புள்ளி எதற்கும் முன்னால் இடைவெளி வரக்கூடாது. முந்தைய சொல்லை ஒட்டிக் குறி, பிறகு ஒரு இடைவெளி. ஒரு கடிதத்தைப் பார்த்ததும் எழுதியவர் கவனமானவரா என்று முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

இரண்டாம் படி: பெரிய எழுத்து

நம் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமே இல்லை. 'அன்பு' என்று எழுதினால் அது குணமா, ஒருவரின் பெயரா என்பதைச் சூழலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலம் அதை முதலெழுத்திலேயே சொல்லிவிடுகிறது. அச்சுக்கோத்தவர்கள் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சின்ன எழுத்துகளைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்திருந்தார்கள். 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை.

விதி ஒன்றுதான்: பெயராக நிற்கிறதா, வகையாக நிற்கிறதா? 'ரிவர்' என்றால் ஆறு, வகை, சின்ன எழுத்து. 'நைல் ரிவர்' என்றால் குறிப்பிட்ட ஓர் ஆற்றின் பெயர், இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

உறவுச் சொற்களைப் பாருங்கள். 'மை மதர் இஸ் ஹியர்' என்பதில் 'மதர்' சின்ன எழுத்து. 'ஐ டோல்ட் மதர்' என்பதில் பெரிய எழுத்து. ஏன்? இரண்டாவதில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மேரி' என்று வைத்தாலும் வாக்கியம் ஓடுகிறது. அங்கே அது பெயராகவே வேலை செய்கிறது. முதல் வாக்கியத்தில் 'மை மேரி' என்று வைத்தால் உறுத்துகிறது. பெயரை வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனை 'அங்கிள்', 'கிராண்ட்ஃபாதர்' எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பதவிகளும் இதே கதை. 'பிரசிடென்ட் லிங்கன்' என்று பெயரோடு ஒட்டினால் பெரிய எழுத்து. 'ஹி வான்ட்ஸ் டு பி எ பிரசிடென்ட்' என்றால் சின்ன எழுத்து. 'டாக்டர் மேரி' பெரியது, 'ஐ சா எ டாக்டர்' சின்னது. பதவிப் பெயர் மரியாதைக்குரியது என்பதற்காக 'மேனேஜர்', 'டீச்சர்', 'என்ஜினியர்' எல்லாவற்றையும் பெரிதாக எழுதுகிறோம். நமக்கு 'அவர்கள்' சேர்க்கிற பழக்கம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக் குறி அல்ல, பெயர்க் குறி.

கிழமைகளும் மாதங்களும் பெரிய எழுத்தில் தொடங்கும்; 'சம்மர்', 'வின்டர்' போன்ற பருவங்கள் சின்ன எழுத்தில். மொழிகளும் நாட்டினப் பெயர்களும் எங்கே வந்தாலும் பெரியவை. அதனால் ஒரே பட்டியலில் 'இங்கிலீஷ்', 'தமிழ்' பெரிதாகவும் 'மேத்ஸ்', 'ஹிஸ்டரி' சின்னதாகவும் நிற்கும். பார்க்க விசித்திரம்தான், ஆனால் அதுதான் சரி. திசைகளில், 'வாக் நார்த்' என்று வடக்கே நடக்கச் சொன்னால் சின்னது. 'நார்த் அமெரிக்கா' என்ற நிலப்பகுதி பெரியது.

சில சொற்களில் முதலெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். 'மார்ச்' பெரிய எழுத்தில் மாதம், சின்னதில் அணிவகுப்பு. 'மே' பெரியதில் மாதம், சின்னதில் 'ஆகலாம்'. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சின்ன எழுத்தில் 'பாலிஷ்', அதாவது மெருகு. அதே எழுத்துகளில் முதலாவதை மட்டும் பெரிதாக்கினால் 'போலிஷ்', போலந்து நாட்டு மொழி. உச்சரிப்பே மாறிவிடுகிறது!

'நான்' என்று பொருள்படும் 'ஐ' எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. 'மீ', 'மை', 'வி' அப்படி அல்ல. கைப்பேசியில் தானாகத் திருத்தும் வசதி இதைச் செய்துகொடுத்துப் பழக்கிவிட்டது. கையால் எழுதும்போதும் வேறு விசைப்பலகையில் தட்டும்போதும்தான் சின்ன 'ஐ' எட்டிப் பார்க்கும்.

தலைப்புக்குத் தனி முறை. 'த ஸ்டோரி ஆஃப் மை ஓல்ட் பைசைக்கிள்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால், 'ஆஃப்' தவிர மற்ற எல்லாச் சொற்களுக்கும் முதலெழுத்து பெரியது. 'த' பொதுவாகச் சின்னதாக இருக்கும், இங்கே தலைப்பின் தொடக்கம் என்பதால் பெரிது. 'இஸ்' போன்ற குட்டி வினைச்சொல்லும் 'மை' போன்ற சொல்லும் அளவில் சிறியவை என்று ஏமாந்துவிடாதீர்கள், அவற்றுக்கும் பெரிய எழுத்து உண்டு.

வலியுறுத்துவதற்காக முழு வாக்கியத்தையும் பெரிய எழுத்தில் எழுதாதீர்கள். படிப்பவருக்கு அது கத்துவதாகத்தான் கேட்கும். 

இந்த விதிகள் கல்லில் பொறித்தவையும் அல்ல. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் சாதாரணப் பெயர்ச்சொற்களுக்கும் பெரிய எழுத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லும் அப்படித்தான். 'இன்டர்நெட்' என்ற சொல்லை நெடுநாள் பெரிய எழுத்தில் எழுதிவந்த அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2016இல் சின்ன எழுத்துக்கு மாறியது. ஒரு பெயர் பழகிப்போய் வெறும் பொருளாக மாறுவதை அந்த ஓரெழுத்தில் பார்க்கலாம்.

மூன்றாம் படி: கமா

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பள்ளியில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்தும் அளவு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த அரிஸ்டோஃபனிஸ் என்ற அறிஞர், உரக்கப் படிப்பவர் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்ட மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 'கமா', 'கோலன்' (முக்காற்புள்ளி) என்ற பெயர்களே அந்தக் கிரேக்க மரபில் வந்தவை. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் கமா மூச்சுக்காக அல்ல, அமைப்புக்காக. மூச்சு வாங்கும் இடமெல்லாம் போட்டால் தவறான இடத்தில் விழும்.

அப்படி விழும் முதல் இடம் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில். 'த புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே, இஸ் வெரி குட்.' நேற்று வாங்கிய புத்தகம் என்று நீளமாகச் சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கத் தோன்றும், கமா விழுந்துவிடும். தவறு. எழுவாய் எவ்வளவு நீளமானாலும் அதையும் அதன் வினையையும் ஒற்றைக் கமாவால் பிரிக்கக்கூடாது.

சரி, எங்கே போடுவது? பட்டியலில் சொற்களுக்கு இடையே. துணைவாக்கியம் முன்னால் வந்தால் அது முடியுமிடத்தில்: 'வென் ஐ கேம் ஹோம், ஷி வாஸ் ரீடிங்.' இதையே திருப்பி 'ஷி வாஸ் ரீடிங் வென் ஐ கேம் ஹோம்' என்று எழுதினால் கமா வேண்டாம். இரண்டு முழு வாக்கியங்களை 'அண்ட்', 'பட்', 'ஸோ', 'ஆர்', 'யெட்' போன்ற சொல்லால் சேர்க்கும்போது அந்தச் சொல்லுக்கு முன்னால். ஒருவரை விளிக்கும்போது அவர் பெயரை ஒட்டி. தொடக்கத்தில் பார்த்த ஜான் இந்த வகை.

அப்புறம், கமாக்கள் ஜோடியாக வரும் இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் லண்டன் இஸ் எ டீச்சர்.'

'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் லண்டன், இஸ் எ டீச்சர்.'

தமிழில் இரண்டையும் 'லண்டனில் இருக்கும் என் அண்ணன் ஆசிரியர்' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. கமா இல்லாத வாக்கியம், எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அண்ணன்கள், அதில் லண்டனில் இருப்பவர் ஆசிரியர் என்கிறது. கமா உள்ள வாக்கியத்தில் அண்ணன் ஒருவர்தான். லண்டன் என்பது கூடுதல் தகவல், எடுத்துவிட்டாலும் யாரைச் சொல்கிறோம் என்பது மாறாது. அதாவது குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையே இரண்டு கமாக்கள் சொல்லிவிடுகின்றன. எடுத்துவிடலாம் என்றால் இரண்டு கமா, எடுக்கக்கூடாது என்றால் ஒன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டது போல அது.

பட்டியலில் கடைசி 'அண்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அச்சகம் அதைப் போடும் வழக்கத்தால் 'ஆக்ஸ்ஃபர்டு கமா' என்று பெயர். அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் உண்டு, பிரிட்டிஷ் நாளிதழ்களில் பெரும்பாலும் இல்லை. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கட்டுரைக்குள் கலக்கக்கூடாது. என்னைக் கேட்டால் போடுவதே பாதுகாப்பு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் பற்றிய ஒரு சட்டத்தில், விலக்கு பெறும் வேலைகளின் பட்டியலில் 'ஆர்' என்ற சொல்லுக்கு முன்னால் இந்தக் கமா அப்போது இல்லை. சரக்கை வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பட்டியலில் தனி வேலையா, அல்லது 'பேக்' செய்யும் வேலையின் ஒரு பகுதியா? ஒரு பால்பண்ணை நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வழக்கு 50 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

நான்காம் படி: அப்பாஸ்ட்ரஃபி

மேலே தொங்கும் இந்தக் குறிக்கு இரண்டே வேலை: விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவது, உடைமையைக் காட்டுவது. பன்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'புக்ஸ்', 'போட்டோஸ்' என்று பன்மை எழுதும்போது நடுவில் இதைச் செருகக்கூடாது. 1990களை ஆங்கிலத்தில் எழுதும்போதும் எண்ணை ஒட்டி நேராக 'எஸ்' போட்டால் போதும்.

உடைமைக்கு ஒரு எளிய வழி: உடையவர் யார் என்பதை முதலில் முழுதாக எழுதிவிடுங்கள். அது முடிந்த இடத்தில் குறி. ஒரு பெண் என்றால் 'கேர்ள்' எழுதிக் குறி, பிறகு 'எஸ்'. பல பெண்கள் என்றால் 'கேர்ள்ஸ்' என்று முழுதாக எழுதி அதன் பிறகு குறி, அவ்வளவுதான். 'சில்ட்ரன்' ஏற்கெனவே பன்மை. அதை முழுதாக எழுதிக் குறி, பிறகு 'எஸ்'.

'இட்ஸ்' மட்டும் எல்லோரையும் படுத்தும், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களையும் சேர்த்து. குறி உள்ள 'இட்ஸ்' என்றால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். குறி இல்லாதது 'அதன்', 'அதனுடைய'. நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அதன்' என்று வந்தால் குறி வேண்டாம். 'த டாக் லாஸ்ட் இட்ஸ் காலர்': நாய் அதன் கழுத்துப்பட்டையைத் தொலைத்தது. குறி இல்லை. தாய்மொழி கைகொடுக்கும் இடம் இது.

மற்ற குறிகள்

மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஹி செட்' வந்தால் ஒரு கமா, பிறகு குறியைத் திறந்து முதலெழுத்தைப் பெரிதாக்குங்கள்: ஹி செட், "ஐ ஆம் டயர்ட்." முடிவில் உள்ள ஃபுல்ஸ்டாப் குறிக்கு உள்ளேயே இருக்கும். 'ஹி செட் தட்' என்று வந்துவிட்டால் அது நம் 'என்று' போல. மேற்கோள் குறியும் வேண்டாம், கமாவும் வேண்டாம். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல மேற்கோள் குறி போடாதீர்கள். 'ஃப்ரெஷ்' என்பதைக் குறிக்குள் வைத்தால், அது உண்மையில் ஃப்ரெஷ் அல்ல என்று கிண்டல் செய்வதாகப் படிப்பார்கள்.

கோலனுக்கு முன்னால் முழு வாக்கியம் இருக்க வேண்டும். 'ஐ நீட் த்ரீ திங்ஸ்' என்று முடித்துவிட்டுக் கோலன் போட்டு அந்த மூன்றையும் சொல்லலாம். 'த த்ரீ திங்ஸ் ஆர்' என்று அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கோலன் போடுவதைத் தவிர்க்கவும். கோலனோடு ஒரு கோட்டையும் சேர்க்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடலாம்.

அரைப்புள்ளி 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவரின் அச்சகத்தில் பிறந்தது. ஒன்றோடொன்று நெருக்கமான இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் அதை வையுங்கள். 'ஹவ்எவர்' என்ற சொல்லால் இரண்டு வாக்கியங்களை இணைக்கும்போது அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கமா. 'பட்' போலவே அதையும் கமாவால் ஒட்டிவிடுவது மிகப் பரவலான பிழை.

ஹைஃபன் சின்னக் கோடு, சொற்களை ஒட்டுவதற்கு. 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் சைல்ட்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது உண்டு, 'த சைல்ட் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்று பின்னால் வரும்போது இல்லை. 'ரிசைன்' என்றால் ராஜினாமா. 'ரீ' எழுதி ஒரு ஹைஃபன் போட்டு 'சைன்' எழுதினால் மறுபடி கையெழுத்திடுவது. ஒப்பந்தம் பற்றிய கடிதத்தில் அந்தக் கோடு விழுந்துபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: திருத்துவது

எல்லாவற்றையும் ஒரே பார்வையில் திருத்த முடியாது. எழுதியதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, மூன்று முறை தனித்தனியாகப் பாருங்கள். முதல் முறை, கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வாக்கியமாகப் படியுங்கள். கதை ஓட்டம் அறுந்துவிடுவதால், அரைகுறை வாக்கியமும் கமாவால் ஒட்டியவையும் தனியாகத் தெரியும். இரண்டாம் முறை, பெரிய எழுத்தை மட்டும். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து 'இது பெயரா?' என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், வாக்கியத் தொடக்கம், மேற்கோளின் தொடக்கம், தலைப்பு, 'நான்' என்ற 'ஐ' தவிர மற்ற இடத்தில் சின்னதாக்குங்கள். மூன்றாம் முறை, கமாவும் அப்பாஸ்ட்ரஃபியும். ஒவ்வொரு கமாவும் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள்: பட்டியலா, முன்வந்த துணைவாக்கியமா, இணைப்பா, விளியா, ஜோடியில் ஒன்றா? மூச்சு என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காத கமாவை அடித்துவிட்டு வாக்கியத்தை மறுபடி படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.